சுவருக்கு முகம் எந்தப் பக்கம்?

அத்தியாயம் ஏழு

பன்னிரண்டாவது அட்டைப்பெட்டியில்தான் அது இருந்தது.

ஒடெஸா பிரிஸ்கோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தப் புகைப்படத்தை நூலக ஜன்னலின் வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளைக் கவுன் போட்ட மூன்று கறுப்பினச் சிறுமிகள், கையில் ஈஸ்டர் கூடை. அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு செங்கல் சுவர். சுவருக்கு அப்பால் ஒரு வீட்டின் கூரை, அதில் ஒட்டிப் பிறந்த மாதிரி இரட்டைப் புகைபோக்கி. பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: ‘மெர்சர் மேடு. ஈஸ்டர், 1938.’

“பத்து நாளா பெட்டி பெட்டியா தூசி தின்னோமே, அதுக்கு இதுதானா கூலி?” என்றான் வில்மர், தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து.

“இதுதான்.”

“அப்ப ஜெயிச்சுட்டோமா?”

“வாயைக் கழுவு. மணி பதினொண்ணுதான் ஆகுது. கூட்டம் நாலு மணிக்கு.”

ஆர்லிங்டன் கவுன்ட்டியின் நிலப் பத்திரங்களை முப்பத்தோரு வருஷம் துருவிப் பார்த்து ஓய்வு பெற்றவள் ஒடெஸா. யார் வீடு யாருடையது, எந்த வேலி எப்போது நகர்ந்தது என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. மற்றவர்கள் கைவிட்ட வழக்குகளை இப்போது அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். வில்மர் ஒரெயானா பொலிவியாக்காரன், நாற்பத்தாறு வயது. இந்தக் கவுன்ட்டியில் எட்டு வருஷம் சித்தாளாகக் கல் சுமந்தான். பிறகு டாக்ஸி ஓட்டினான். டாக்ஸியைச் செல்போன் விழுங்கிய பிறகு அவளுக்குக் கார் ஓட்டினான். வாயை மட்டும் சம்பளம் இல்லாமல் ஓட்டினான்.

“மொத்தமே இருபத்தாறு சதுர மைல்,” என்றான் காரைக் கிளப்பியபடி. “எங்க ஊர்ல இதைவிடப் பெரிய உருளைக்கிழங்குக் காடு இருக்கு. இத்தனூண்டு இடத்துல எப்படி மிஸ் ஒடெஸா இவ்வளவு தகராறு விளையுது?”

“உரம் அப்படி. ரோட்டைப் பாரு.”

மெர்சர் மேட்டில் ஒரு காலத்தில் இருநூறு கறுப்பர் வீடுகள் இருந்தன. இப்போது ஒன்பது. அதில் ஒன்று லூவீனியா டாப்னியுடையது. லூவீனியாவின் அம்மா பிறந்த வீடு இன்றைக்குப் பென்டகனின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் எங்கோ கிடந்தது. நாற்பத்திரண்டில், பென்டகன் கட்டுவதற்காக, ஒரு மாதத் தவணையில் காலி செய்யச் சொன்னார்கள். அப்பா ஜொசையா கொத்தனார். மேட்டில் இந்த வீட்டைக் கட்டினார். உயில் எழுதாமல் இறந்தார். அதுதான் வினை. ஓஹையோவில் இருந்த, லூவீனியாவின் தங்கை மகன் ஒருவன் தன் துளிப் பங்கை ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு விற்றான். பங்காளியாக உள்ளே நுழைந்த கம்பெனி, மொத்த வீட்டையும் ஏலம் விடக் கோர்ட்டில் உத்தரவு வாங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை ஏலம். இன்று புதன்.

தப்பிக்க ஒரே ஒரு சந்து இருந்தது. பதினான்கு மாடி கட்ட லாரிகள் பின்பக்கமாகத்தான் வர முடியும். பின்பக்கத்தில் நாற்பதடி நீளத்துக்கு ஒரு சுவர் நின்றது. முப்பத்தாறில், மேட்டுக்கு மேற்கே வெள்ளைக்காரர்களுக்கு வீடு கட்டியவர்கள், கறுப்பர் முகம் கண்ணில் படக்கூடாது என்று எழுப்பிய சுவர். அறுபதுகளில் பாதியை இடித்தார்கள், மீதி தானாக விழுந்தது. லூவீனியா வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு மட்டும் அசையவில்லை. அது வரலாற்றுச் சின்னம் என்று கவுன்ட்டியின் பாரம்பரியச் சின்னக் குழு இன்று தீர்மானித்தால் ஒரு செங்கல்லையும் யாரும் தொட முடியாது. கம்பெனி ஏலத்துக்கே வராது, லூவீனியாவே வீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இது அந்தப் பழைய சுவர்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று குழு கேட்டிருந்தது.

அந்த ஆதாரம் இப்போது ஒடெஸாவின் மடியில் இருந்தது.

லூவீனியா கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தேழு வயது. புகைப்படத்தைக் கையில் வாங்கியதும் முதலில் சிறுமிகளைத்தான் பார்த்தார்.

“நடுவுல நிக்கறது எங்க அத்தை. இந்தக் காதைப் பாரு, எங்க வீட்டுக் காது.” பிறகு நிமிர்ந்து சுவருக்கு மேலே பார்த்தார். அங்கே அதே கூரை, அதே இரட்டைப் புகைபோக்கி. “ஐயோ கண்ணு... இதே இடம். இதே இடம்தான்!”

“அதே இடம்தான் மிஸ் லூவீனியா.”

“அம்பது வருஷம் இது விழணும்னு வேண்டினேன். இப்ப நிக்கணும்னு வேண்டறேன். கடவுள் என்னைப் பத்தி என்ன நினைப்பாரோ.” சிரித்தபடி எழுந்தார். “இருங்க, கேக் இருக்கு. சாப்பிடாம ஒருத்தரும் போகக்கூடாது.”

அவர் உள்ளே போனார். வில்மர் புகைப்படத்தை எடுத்துச் சுவரருகே கொண்டுபோனான். ஒரு தரம் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

“யாரோ இதுக்கு முகச்சவரம் பண்ணிவிட்டிருக்காங்க மிஸ் ஒடெஸா.”

“என்ன?”

“போட்டோல பாருங்க. செங்கல் வரிக்கு நடுவுல கலவை பிதுங்கி, காய்ஞ்சு, தாடி மாதிரி தொங்குது. இங்க தடவிப் பாருங்க. வரிக்கு வரி வழிச்சு, இழுத்து, வழவழன்னு விட்டிருக்கு.”

ஒடெஸா தடவிப் பார்த்தாள். “மழையில கரைஞ்சிருக்கும்.”

“மழை என்ன கொத்துக்கரணை பிடிச்சா வேலை பார்க்கும்?” என்று சிரித்தான். “எட்டு வருஷம் கொத்தனாருக்குக் கலவை சுமந்தவன் நான். கொத்தனார் எந்தப் பக்கம் நின்னு கட்டறானோ அந்தப் பக்கம்தான் சுவருக்கு முகம். அங்க கை எட்டும், வழிச்சு விடுவான். எதிர்ப்பக்கம் கை எட்டாது, பிதுங்கினது பிதுங்கினபடி கிடக்கும். அது முதுகு. போட்டோல இந்தப் பக்கம் முதுகு. நியாயம்தானே? அவங்க சுவர், அவங்க பக்கம் நின்னு கட்டினாங்க, நமக்கு முதுகைக் காட்டிட்டுப் போனாங்க. ஆனா இது...”

அவன் சிரிப்பு அங்கேயே நின்றது. என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது.

“இது இந்தப் பக்கம் நின்னு கட்டினது,” என்றாள் ஒடெஸா மெதுவாக.

“வேற எங்கயோ எடுத்த போட்டோவா இருக்கும்.”

“ரெட்டைப் புகைபோக்கி வேற எங்கயும் இல்ல. நாமளேதான் சத்தம் போட்டுச் சொன்னோம்.”

பின்கதவு திறந்தது. லூவீனியா மூன்று தட்டுகளோடு வந்தார். “அந்தச் சுவர்ல இது ஒண்ணுதான் விழல, பார்த்தீங்களா? எங்கப்பா கொத்தனார் இல்லையா, அவரே சொல்லுவார், சுவர் பொல்லாத சுவர்தான், ஆனா வேலை நல்ல வேலைன்னு.”

ஒடெஸா ஒரு வாயோடு கேக்கை வைத்துவிட்டு எழுந்தாள்.

சுவரின் தடிமன் எட்டு அங்குலம். அதைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகக் காரில் பதினொரு நிமிஷம் ஆனது. “விமானத்துல போயிருக்கலாம்,” என்றான் வில்மர். அதற்கு அவனே சிரிக்கவில்லை.

இரட்டைப் புகைபோக்கி வீட்டில் ஹாலிஸ் டீக் தனியாக இருந்தார். எண்பத்தைந்து வயது. காது கொஞ்சம் மந்தம், கை நடுக்கம், பேச்சு மட்டும் தெளிவு. விஷயத்தைக் கேட்டதும் தடியை ஊன்றி அவர்களைக் கொல்லைக்கு அழைத்துப்போனார்.

சுவரின் அந்தப் பக்கம் முழுக்கக் கலவை பிதுங்கித் தொங்கியது. தாடி, மீசை, எல்லாம்.

“ஐம்பத்து நாலு அக்டோபர்ல ஒரு புயல் வந்தது மேடம்,” என்றார் டீக். “இங்க ஒரு ஓக் மரம் நின்னது. வேரோட சாய்ஞ்சு சுவர் மேல விழுந்துடுச்சு. நாற்பதடி போச்சு. அந்தப் பக்கத்துப் பசங்க ரெண்டு வாரம் இந்த வழியாத்தான் கடைத்தெருவுக்கு நடந்து போனாங்க. எனக்குப் பதினஞ்சு வயசு. திண்டுல உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். ஒண்ணும் கெட்டுப்போகல. ஆனா எங்கப்பாவுக்குத் தூக்கம் வரல.”

“யார் கட்டினா?”

டீக் தடியால் சுவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

“சுவருக்கு அந்தப் பக்கத்துலயே ஒரு கொத்தனார் இருந்தார். அவர் வேலை பார்த்த கான்ட்ராக்டர் எங்கப்பாவோட சர்ச்சுல இருந்தவர். அப்பா அவர்கிட்ட சொன்னார், அவர் கொத்தனார்கிட்ட சொன்னார். அந்த ஆள் மாட்டேன்னு சொல்லல. சொல்ல முடியுமாங்கறது அப்ப எனக்குத் தோணவே இல்ல.”

“பேரு?”

“டாப்னி. ஜொசையா டாப்னி.”

வில்மர் தரையைப் பார்த்தான்.

“மூணு நாள் வேலை,” டீக் தொடர்ந்தார். “நான் இந்தப் பக்கத்துலேர்ந்து செங்கல் எடுத்துக் குடுத்தேன். முதல் நாள் அவர் முகத்தைப் பார்த்துக் குடுத்தேன். மூணாம் நாள் கை மட்டும்தான் தெரிஞ்சுது. அப்பறம் அதுவும் இல்ல. ஒரே ஒரு விஷயம்தான் அவர் கேட்டார். எங்க பக்கம் நின்னு கட்டணும்னுதான் அப்பா ஏற்பாடு பண்ணியிருந்தார். அவர் தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, ‘நல்ல முகம் எங்க பக்கம் இருக்கட்டும் சார், தினம் பார்க்கப்போறவங்க நாங்கதானே’ன்னார். அப்பா சிரிச்சுட்டுச் சரின்னுட்டார்.”

கிளம்பும்போது கதவு வரைக்கும் வந்தார். “நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல மேடம். இத்தனை வருஷமா யாரும் கேக்கல. நீங்கதான் கேட்டீங்க.”

காருக்குள் வில்மர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“ஒண்ணு சொல்லட்டுமா? அந்த மேஜைக்குப் பின்னால உட்காரப்போற ஏழு பேருல ஒருத்தர்கூடக் கரணையைத் தொட்டிருக்க மாட்டாங்க. போட்டோவைக் குடுங்க. புகைபோக்கியைக் காட்டுங்க. கைதட்டுவாங்க. முடிஞ்சுது.”

“கம்பெனி வக்கீல் கண்டுபிடிச்சா?”

“அவன் ஷூவைப் பார்த்தா சேறு மிதிச்சவன் மாதிரியா இருந்துது?”

“போட்டோ இல்லாமப் போனா?”

“ஆதாரம் இல்லன்னு தள்ளிடுவாங்க.”

“போட்டோவோட போனா, இது அந்தச் சுவர் இல்லன்னு காட்டற ஒரே ஆதாரத்தை நானே என் கையால குடுக்கறேன். தெரிஞ்சே.” ஒடெஸா கண்ணை மூடிக்கொண்டாள். “முப்பத்தோரு வருஷத்துல ஒரு பொய்ப் பத்திரத்துல நான் கையெழுத்துப் போட்டதில்ல வில்மர்.”

“உங்களுக்கு ஒரு கையெழுத்து. அவங்களுக்கு ஒரு வீடு.”

ஒடெஸா சீட் பெல்ட்டை மாட்டினாள். மறுபடி அதே பதினொரு நிமிஷம் சுற்றிவந்தார்கள்.

லூவீனியா கூட்டத்துக்குப் போகும் நீல உடுப்பும் தொப்பியுமாகத் தயாராக நின்றார். ஒடெஸா அவரை உட்காரவைத்து, ஒன்றையும் விடாமல் சொன்னாள். மரம், செங்கல், கை, அப்பா பேர். தொப்பியைக் கழற்றிக் கேட்ட வார்த்தையையும் சொன்னாள். பிறகு, “வீடு உங்களோடது. நீங்க வாயைத் திறக்காதேன்னா நான் கார்லயே இருந்துக்கறேன். வில்மர் போட்டோவைக் கொண்டுபோய்க் குடுப்பான்,” என்றாள்.

லூவீனியா நெடுநேரம் தன் கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“புயல்ல மேல ரெண்டு வரிதான் சரிஞ்சுது, அதை அந்தப் பக்கத்து ஆளுங்க சரி பண்ணிட்டுப் போனாங்கன்னுதான் அப்பா என்கிட்ட சொன்னார்.”

“அப்படித்தான் சொல்லியிருப்பார்.”

“இந்த மேட்டுல அத்தனை பேரும் பார்த்திருப்பாங்களே. பக்கத்து வீட்டு மிஸஸ் கோல்ஸ் பார்த்திருப்பா. பாதிரியார் பார்த்திருப்பார். ஒருத்தரும் என்கிட்ட சொல்லலையே.”

ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்தார்.

“வெள்ளைக்காரன் கட்டின சுவர்னு நான் போய்ச் சொன்னா, அப்பா கட்டவே இல்லன்னு ஆயிடும். அந்த மூணு நாள் நடக்கவே இல்லன்னு ஆயிடும்.” எழுந்து நின்றார். “கறுப்பு மனுஷனை வெச்சே அவன் வாசலை அடைக்க வெச்சதுன்னா, அது இன்னும் பெரிய சரித்திரம் இல்லையா கண்ணு? அதைக் கேட்டா அவங்க மனசு இளகாதா?”

ஒடெஸா அவர் முகத்தைப் பார்த்தாள். இளகினால் மட்டும் போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“போய்ச் சொல்லிப் பார்ப்போம்,” என்றாள்.

மனசு இளகத்தான் செய்தது. ஒடெஸா பேசி முடித்தபோது குழுவின் ஏழு பேரில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெள்ளைத் தலைமுடியோடு இருந்த தலைவி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“மிஸ் டாப்னி, நான் இந்த நாற்காலியில பதினாலு வருஷமா இருக்கேன். இந்த மாதிரி ஒண்ணை நான் கேட்டதில்ல.” அவர் முன்னால் இருந்த தாளைத் தொட்டார். “ஆனா உங்க விண்ணப்பத்துல, முப்பத்தாறுல குடியிருப்புக்காரங்க கட்டின சுவர்னு இருக்கு. அது இது இல்லன்னு நீங்களே காட்டிட்டீங்க. இப்ப சொன்னதை வெச்சு புதுசா ஒரு விண்ணப்பம் போடுங்க. நானே கூட இருந்து எழுதித் தரேன். அடுத்த கூட்டம் மார்ச்சுல.”

“வெள்ளிக்கிழமை வீடு போயிடும்மா,” என்றார் லூவீனியா.

“ஏலத்தை நிறுத்தற அதிகாரம் எங்களுக்கு இல்ல. இருந்தா செஞ்சிருப்பேன். நம்புங்க.”

ஏழு கைகள் உயர்ந்தன. கனிவோடுதான் உயர்ந்தன.

வெளியே படிக்கட்டில் கம்பெனியின் வக்கீல் பின்னாலேயே ஓடிவந்தான். முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையான பையன்.

“ஒரு விஷயம் சொல்லணும் மேடம்,” என்றான் ஒடெஸாவிடம், குரலைத் தாழ்த்தி. “எங்ககிட்ட எதிர்த்துச் சொல்ல ஒண்ணுமே இல்ல. அந்தப் போட்டோவை மட்டும் காட்டியிருந்தீங்கன்னா நான் எழுந்து கைகுலுக்கிட்டுப் போயிருப்பேன்.”

வில்மர் அவனை நோக்கி ஓரடி வைத்தான். ஒடெஸா அவன் முழங்கையைப் பிடித்தாள்.

வக்கீல் லூவீனியா பக்கம் திரும்பினான். “மிஸ் டாப்னி, புதுக் கட்டடத்து வாசல்ல ஒரு பலகை வைக்கச் சொல்லி நான் கேக்கறேன். இந்தக் கதை பூரா. உங்கப்பா முழுப்பேரு எப்படி எழுதணும்?” போனை எடுத்துக் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டான்.

லூவீனியா தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“எங்கப்பாவை அந்த இடத்துக்கு ஒரு தடவை வேலைக்கு வெச்சாச்சு தம்பி. ரெண்டாவது தடவை வேண்டாம்.”

கார்க் கதவை வில்மர் திறந்துவிட்டான். லூவீனியா பின்சீட்டில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். ஒடெஸா முன்சீட்டுக்குப் போகாமல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தப்பு என்னுடையது என்று சொல்ல நினைத்தாள். என்ன தப்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

“அக்டோபர்னுதானே சொன்னார் அந்த ஆள்?” என்றார் லூவீனியா திடீரென்று.

“ஆமா. ஐம்பத்து நாலு அக்டோபர்.”

“எனக்கு அப்ப தட்டம்மை போட்டிருந்தது. ஏழு வயசு. வெளிச்சம் பட்டா கண்ணு போயிடும்னு சொல்லி, அம்மா கொல்லைப் பக்கத்து ஜன்னல்ல ஒரு மெத்தைப் போர்வையைத் தொங்கவிட்டா. ஒரே இருட்டு. மூணு நாள், மத்தியானம் மத்தியானம், அப்பா சாப்பிட வீட்டுக்கு வந்தார். அதுக்கு முன்னாடியும் வந்ததில்ல, அப்பறமும் வந்ததில்ல. எங்கயாவது தூரத்துல வேலை இருக்கும். அந்த மூணு நாள்தான் வந்தார். தட்டை எடுத்துக்கிட்டு என் கட்டில்ல வந்து உட்காருவார். பேச மாட்டார். கையில சுண்ணாம்பு வாசனை அடிக்கும். எனக்கு உடம்புக்கு வந்ததாலதான் அப்பா என்னைப் பார்க்க வரார்னு...”

அவர் நிறுத்தினார். முன்னால் வில்மர் கண்ணாடியில் அவரைப் பார்த்தான்.

“என் வாழ்க்கையில நல்ல நாள் எதுன்னு யாராவது கேட்டா, எழுபது வருஷமா அந்த மூணு நாளைத்தான் கண்ணு சொல்லிட்டிருக்கேன்,” என்றார் லூவீனியா. “போர்வையைப் போட்டது அம்மைக்குன்னே நெனச்சுட்டேன்.”